போன ஓஎஸ்ஸும் போகாத பெயரும்

ஒரு ஓஎஸ்ஸை அழிப்பது ஒரு வேலை. பூட் மெனுவில் இருந்து அதன் பெயரை எடுப்பது வேறொரு வேலை. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதும் தானாக நடந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. "விண்டோஸ் செவனைப் போன வருஷமே ஃபார்மட் அடிச்சாச்சுங்க, ஆனா ஆன் பண்ணா இன்னும் அதையும் சேத்துத்தான் காட்டுது" என்பார்கள். காட்டத்தான் செய்யும். ஒருவர் காலமானது ஊருக்கே தெரிந்திருந்தாலும், யாராவது போய் எழுதிக் கொடுக்கும்வரை ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்துகொண்டேதான் இருக்கும். வாக்காளர் பட்டியலுக்கு அது போதாது, அங்கே தனி விண்ணப்பம். கம்ப்யூட்டரிலும் பெயர் எழுதி வைக்கிற பதிவேடுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. எதில் அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே போவதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. கமாண்டுகளை உச்சரிப்பை வைத்துத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, நீங்கள் பார்க்கிற மெனு யாருடைய மெனு? திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நீலப் பின்னணி, கட்டம் கட்டமாக ஓஎஸ் பெயர்கள், மவுஸ் வேலை செய்கிறது என்றால் அது விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த மெனு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மேலே விண்டோஸ் பூட் மேனேஜர் என்று தலைப்பு இருந்தால் அது விஸ்டா, செவன் காலத்து முகம். இவை இரண்டுமே ஒரே பதிவேட்டைத்தான் படிக்கின்றன. மேலே 'க்னூ கிரப்' என்றும் அதன் பதிப்பு எண்ணும் போட்டு நடுவில் கட்டத்துக்குள் பெயர்கள் இருந்தால் அது லினக்ஸின் மெனு. எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஏதாவது ஒரு கீயை அமுக்கினால் மட்டும் வருகிற பட்டியல் மதர்போர்டின் சொந்தப் பட்டியல். ஒன்றில் இருக்கிற பெயரை இன்னொன்றில் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். கிரப் மெனுவில் தெரிகிற விண்டோஸை எடுக்க எம்எஸ்கான்ஃபிக் என்கிற விண்டோஸ் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, எடுத்தே ஆக வேண்டுமா? செத்த பெயர் ஒன்று மெனுவில் இருப்பதால் மெஷின் மெதுவாகாது, வைரஸ் வராது. விண்டோஸ் மெனு வழக்கமாக 30 வினாடி காத்திருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் அந்தச் செத்த பெயரே முதல் தேர்வாக, அதாவது டீஃபால்ட்டாக இருந்தால் கதை வேறு. யாரும் கை வைக்காவிட்டால் 30 வினாடி கழித்து அது இல்லாத ஓஎஸ்ஸைத் தேடிப் போய், 0எக்ஸ்சி000000இ என்று ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிற பில்லிங் மெஷினில் இது பெரிய தொல்லை. மற்றபடி, கை வைக்கப் பயமாக இருந்தால் டீஃபால்ட்டைச் சரியாக வைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தை 3 வினாடியாகக் குறைத்துவிட்டுப் போய்விடலாம். அது கோழைத்தனம் இல்லை. கடையில் வேலை நடக்க வேண்டிய மெஷினுக்குப் பல நேரம் அதுதான் சரியான வைத்தியம்.

விண்டோஸ் பதிவேட்டில் இருந்து தொடங்குவோம். எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு பூட் டாட் ஐஎன்ஐ நினைவிருக்கும். சி டிரைவில் மறைந்திருக்கிற ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல். மல்ட்டி, டிஸ்க், ஆர்டிஸ்க், பார்ட்டிஷன் என்று அடைப்புக்குறிக்குள் எண்கள் போட்ட ஒரு வரி, கடைசியில் மேற்கோள் குறிக்குள் ஓஎஸ்ஸின் பெயர். பழைய பெயரை எடுக்க வேண்டுமா, நோட்பேடில் திறந்து அந்த வரியை அழித்து சேவ் பண்ணினால் தீர்ந்தது. பெயரை மாற்றி 'ராஜாவின் கம்ப்யூட்டர்' என்று போட்டுக் காட்டுவதெல்லாம் அன்றைக்கு ஒரு கெத்து. விஸ்டாவோடு அந்த வசதி போய்விட்டது. என்டிஎல்டிஆர் என்கிற பழைய லோடருக்குப் பதில் பூட்எம்ஜிஆர் வந்தது, டெக்ஸ்ட் ஃபைலுக்குப் பதில் பிசிடி வந்தது. பிசிடி என்பது ரெஜிஸ்ட்ரி வடிவத்தில் இருக்கிற ஒரு சின்ன டேட்டாபேஸ். நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தெரியும். இதைத் திறந்து பார்க்க இரண்டு வழி உண்டு.

எளிய வழி எம்எஸ்கான்ஃபிக். விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அமுக்கி, எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் பூட் என்கிற டேப். அங்கே இருக்கிற பெயர்களில் இப்போது ஓடுகிற விண்டோஸுக்குப் பக்கத்தில் 'கரண்ட் ஓஎஸ்' என்று இருக்கும். பழையது டீஃபால்ட்டாக இருந்தால், முதலில் நல்லதைத் தேர்ந்து 'செட் ஆஸ் டீஃபால்ட்' கொடுங்கள். பிறகு பழையதைத் தேர்ந்து டெலீட், அப்ளை, ஓகே. பத்தில் எட்டு வீட்டுக்கு இதுவே போதும். பட்டியலில் ஒரே பெயர் மிச்சமிருந்தால் விண்டோஸ் மெனுவைக் காட்டவே காட்டாது, நேராக உள்ளே போய்விடும்.

அந்தப் பெட்டியில் வேறெதையும் தொடாதீர்கள். குறிப்பாக 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பட்டன். அதற்குள் போய் பிராசசர்களின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்தால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று சொல்கிற வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அது வேகத்தைக் கூட்டுகிற இடமே இல்லை. மென்பொருள் எழுதுபவர்கள் குறைந்த பிராசசரில் தங்கள் புரோகிராம் எப்படி ஓடும் என்று சோதிக்கக் கட்டுப்பாடு போடுகிற இடம். டிக் அடிக்காமல் விட்டால் விண்டோஸ் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும்.

எம்எஸ்கான்ஃபிக்கில் பிரச்சினை என்னவென்றால், அது விண்டோஸ் பெயர்களை மட்டும்தான் காட்டும். ஒரே மாதிரி 'விண்டோஸ் 10', 'விண்டோஸ் 10' என்று இரண்டு இருந்தால், இப்போது ஓடாத மற்றது உயிரோடு இருக்கிறதா, போய்விட்டதா என்று விவரமும் சொல்லாது. அங்கேதான் பிசிடிஎடிட் வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இடைவெளி இல்லாமல் பிசிடிஎடிட் என்று தட்டி என்டர் அடியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பத்தி விரியும். டிவைஸ் என்ற வரியைப் பாருங்கள். எந்தப் பெயருக்கு டிவைஸ் வரியில் 'அன்நோன்' என்று வருகிறதோ, அதன் பார்ட்டிஷன் இப்போது இல்லை என்று அர்த்தம். போன ஆள் அவர்தான். அந்தப் பத்தியின் முதல் வரியில் நெளிவு அடைப்புக்குறிக்குள் 36 எழுத்து நீளத்துக்கு ஒரு அடையாள எண் இருக்கும். அதைக் காப்பி எடுத்து, பிசிடிஎடிட், இடைவெளி, சாய்கோடு டெலீட், இடைவெளி, அந்த எண் என்று கொடுத்தால் பெயர் போய்விடும். அடைப்புக்குறியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பவர்ஷெல்லில் செய்பவர்கள் அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் பவர்ஷெல் நெளிவு அடைப்புக்குறியைத் தன்னுடைய புரோகிராம் துண்டு என்று எடுத்துக்கொண்டு தகராறு பண்ணும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிசிடிஎடிட், சாய்கோடு எக்ஸ்போர்ட், பிறகு ஒரு ஃபைல் பெயர். மொத்தப் பதிவேடும் ஒரு நகலாக அந்த ஃபைலில் வந்து உட்காரும். தவறாக எதையாவது எடுத்துவிட்டால் அதே ஃபைலை இம்போர்ட் கொடுத்து மீட்கலாம். நகலை சி டிரைவில் வைத்தால் மட்டும் போதாது, ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். விண்டோஸே ஏறாதபோது சி டிரைவில் இருக்கிற நகலைத் தேடுவது சிரமம். போனில் அந்தத் திரையை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிக்குள் கரண்ட் என்று இருப்பதையும், பூட்எம்ஜிஆர் என்று இருப்பதையும் தொடவே கூடாது.

தோல்வியில் முடிந்த அப்கிரேடுகள் 'விண்டோஸ் செட்டப்', 'விண்டோஸ் ரோல்பேக்' என்ற பெயர்களை விட்டுவிட்டுப் போவதுண்டு. அவற்றையும் இதே வழியில் எடுக்கலாம். கமாண்ட் என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு ஈஸிபிசிடி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பட்டன்களை அமுக்கியே இதையெல்லாம் செய்யலாம். நல்ல மென்பொருள்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதில் பட்டன் அமுக்குவது கமாண்டை விட ஆபத்து என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். மெனுவில் பழைய பெயர் இருப்பதற்கு அதை எடுக்க மறந்தது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சில மெஷின்களில் அது வேறொரு ஆபத்தின் அறிகுறி. எங்கள் தெருவில் மரக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியின் பில்லிங் மெஷின் அப்படிப்பட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரி 14-ம் தேதியோடு அதற்கு அப்டேட் நின்றது. பிறகு யாரோ ஒரு சர்வீஸ் ஆள் புது எஸ்எஸ்டி போட்டு, அதில் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருக்கிறார். பழைய டிஸ்க்கும் டேட்டாவுக்காக உள்ளேயே இருந்தது. ஆன் செய்தால் விண்டோஸ் 10, விண்டோஸ் 7 என்று இரண்டு பெயர்.

"தம்பி, கரண்ட் போயிட்டு வந்தா இது கேள்வி கேட்டுட்டு நிக்கி. கடைப் பையன் எதையாவது அமுக்கிருதான். அந்தப் பேரை மட்டும் எடுத்து விட்டுருங்க."

"எடுத்துரலாம் அண்ணாச்சி. பழைய டிஸ்க்ல ஏதும் வேணுமா?"

"கணக்கு ஃபைலெல்லாம் புதுசுல ஏத்தியாச்சு. அது கிர்ருகிர்ருன்னு சத்தம் வேற போடுது. அதையும் சேத்துக் கழட்டிரலாம்லா?"

"இப்பக் கழட்டுனா புதுசும் சேந்து படுத்துரும் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

அவருக்கு அது நம்பும்படியாக இல்லை. புது எஸ்எஸ்டியில் இருக்கிற விண்டோஸுக்கும் சத்தம் போடுகிற பழைய டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்? டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு பார்ட்டிஷன் கட்டத்துக்குள்ளும் சின்ன எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். 'சிஸ்டம்' என்று எங்கே எழுதியிருக்கிறதோ அங்கேதான் பூட் மேனேஜரும் பிசிடியும் இருக்கின்றன. 'பூட்' என்று எங்கே எழுதியிருக்கிறதோ அங்கே இருப்பது விண்டோஸ் ஃபோல்டர். ஆமாம், தலைகீழாகத்தான் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் வைத்தது அப்படி. அண்ணாச்சியின் மெஷினில் 'சிஸ்டம்' என்ற எழுத்து பழைய டிஸ்க்கின் தொடக்கத்தில் இருந்த 100 எம்பி பார்ட்டிஷனில் இருந்தது. விண்டோஸ் 7 போடும்போது தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிற 'சிஸ்டம் ரிசர்வ்டு' பார்ட்டிஷன் அது.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10 செட்டப் ஓடும்போது பழைய டிஸ்க் கழட்டப்படவில்லை. பயாஸ் அதைத்தான் முதல் டிஸ்க்காகக் காட்டியது. அதில் ஏற்கெனவே ஒரு பூட் மேனேஜர் இருந்தது. செட்டப் புதிதாக ஒன்றைக் கட்டாமல், இருக்கிற பதிவேட்டிலேயே தன் பெயரையும் எழுதிவிட்டு, விண்டோஸ் ஃபோல்டரை மட்டும் எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டது. அந்த ஆளைக் குறை சொல்லவில்லை, செட்டப் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் புது டிஸ்க்கில் ஓஎஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

இந்த நிலையில் எம்எஸ்கான்ஃபிக்கில் விண்டோஸ் 7-ஐ எடுத்தால் மெனு போய்விடும், அண்ணாச்சியும் சந்தோஷப்படுவார். பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் போடுகிற டிஸ்க் நிரந்தரமாக ஓயும். அன்றைக்கு எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் மெஷின் ஏறாது. இன்னும் மோசம், டேட்டா இல்லை என்ற தைரியத்தில் யாராவது பழைய டிஸ்க்கை முழுசாக ஃபார்மட் அடித்துவிடலாம்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. அது பழைய பயாஸ் வகை மெஷின், எஸ்எஸ்டியும் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைத் தேர்ந்து 'மார்க் பார்ட்டிஷன் ஆஸ் ஆக்டிவ்' கொடுத்தேன். பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிசிடிபூட் என்கிற கமாண்ட். அதற்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். விண்டோஸ் எங்கே இருக்கிறது, பூட் ஃபைல்களை எந்த டிரைவில் வைக்க வேண்டும், மெஷின் பயாஸா யூஇஎஃப்ஐயா. அதாவது சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டர், பிறகு சாய்கோடு எஸ் போட்டு சி டிரைவ், பிறகு சாய்கோடு எஃப் போட்டு பயாஸ். பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒரே வரியில் பதில் வந்தது. மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளை மட்டும் பிடுங்கி, பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்து ஆன் செய்தேன். நேராக விண்டோஸ் 10 வந்து நின்றது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், விண்டோஸ் 7 என்ற பெயரை நான் எங்கேயும் அழிக்கவில்லை. பிசிடிபூட் எஸ்எஸ்டியில் புதிதாக ஒரு பதிவேடு திறந்தது. அதில் இருக்கிற ஒரே விண்டோஸின் பெயர் மட்டும் ஏறியது. பழைய பதிவேடு பழைய டிஸ்க்கோடு வெளியே போய்விட்டது. கேபிளைப் பிடுங்கிச் சோதிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏறாவிட்டால் கேபிளை மறுபடி செருகி, பயாஸ் வரிசையையும் திருப்பி வைத்தால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். அப்படி ஏறாத சமயத்தில் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் இருந்து ரிப்பேர் பகுதிக்குப் போய், பூட்ரெக் என்ற கமாண்டோடு சாய்கோடு ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆகவே எந்த மெஷினிலும் பெயரை எடுப்பதற்கு முன் 'சிஸ்டம்' என்ற அந்தச் சின்ன எழுத்து எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

அடுத்தது லினக்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்தவர்களின் பிரச்சினை. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி வரலாறே உண்டு. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பையன்களுக்குப் படம் வைக்க இடம் போதவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் டிரைவ் எழுத்தே இல்லாத ஒரு பார்ட்டிஷன் சும்மா இருக்கிறது. அழித்துவிடுவார்கள். அடுத்த தடவை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொல்லும் ஒரு கர்சரும். விண்டோஸ் அப்படியே முழுசாக இருக்கும், ஆனால் அங்கே போக வழி இருக்காது.

ஏன் என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். பயாஸ் வகை மெஷினில் டிஸ்க்கின் முதல் செக்டார்தான் எம்பிஆர். அதன் மொத்த அளவு 512 பைட். அதில் பூட் செய்கிற புரோகிராமுக்குக் கிடைக்கிற இடம் 446 பைட். மிச்சத்தில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரமும், கடைசி 2 பைட்டில் ஒரு முத்திரையும். 446 பைட்டுக்குள் ஒரு மெனுவையே எழுத முடியாது. அதனால் கிரப் தன்னுடைய முதல் துண்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு, அடுத்த துண்டை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கிற காலி இடத்திலும், மெனுவையும் மற்ற பாகங்களையும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளும் வைக்கும். நீங்கள் பார்ட்டிஷனை அழித்தபோது மூன்றாவது துண்டு போய்விட்டது. முதல் இரண்டும் அதைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கின்றன. மேலே சொன்ன பூட்ரெக், ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்தால் அந்த 446 பைட்டை விண்டோஸின் புரோகிராமால் நிரப்பிவிடும். பார்ட்டிஷன் விவரத்தைத் தொடாது. அவ்வளவுதான் வைத்தியம். பார்ட்டிஷனை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை.

யூஇஎஃப்ஐ மெஷினில், அதாவது விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த பெரும்பாலானவற்றில், ஏற்பாடு வேறு. இங்கே டிஸ்க்கில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும். அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு ஃபோல்டர். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட், உபுண்டுவுக்கு உபுண்டு. இது போக மதர்போர்டின் நினைவகத்தில், டிஸ்க்குக்கு வெளியே, ஒரு பட்டியல் இருக்கும். எந்த ஃபைலை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஆக உபுண்டுவின் தடயம் மூன்று இடத்தில். லினக்ஸ் பார்ட்டிஷன், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு ஃபோல்டர், மதர்போர்டில் ஒரு வரி. மக்கள் அழிப்பது முதலாவதை மட்டும். மற்ற இரண்டும் இருப்பதால் மெஷின் கிரப்பை ஓட்டும், கிரப் தன் மெனு ஃபைலைக் காணாமல் வெறும் பிராம்ப்ட்டில் வந்து நிற்கும். அந்த இடத்தில் எக்ஸிட் என்று தட்டி என்டர் அடித்துப் பாருங்கள். பல மெஷின்களில் அது பட்டியலின் அடுத்த வரிக்கு, அதாவது விண்டோஸுக்குப் போய்விடும். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம் இது.

விண்டோஸுக்குள் வந்தபின் முதலில் பிட்லாக்கரைப் பாருங்கள். டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருந்தால், பூட் வரிசையில் கை வைத்தபின் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். புது லேப்டாப்களில் நீங்கள் ஒன்றும் செய்யாமலே என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் கீ இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

மதர்போர்டின் பட்டியலை விண்டோஸில் இருந்தே பார்க்கலாம். பிசிடிஎடிட், சாய்கோடு ஈனம், இடைவெளி, ஃபர்ம்வேர். உபுண்டு என்று விவரம் இருக்கிற பத்தியின் அடையாள எண்ணைக் காப்பி எடுத்து, முன்பு சொன்ன அதே டெலீட். வரி போய்விட்டது. ஃபோல்டரையும் எடுக்க வேண்டும். மவுண்ட்வால், இடைவெளி, எஸ் எழுத்தும் முக்காற்புள்ளியும், இடைவெளி, சாய்கோடு எஸ் என்று கொடுத்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ் டிரைவாகக் கிடைக்கும். எக்ஸ்ப்ளோரரில் திறக்க முயன்றால் அனுமதி இல்லை என்று சொல்லும், கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே உள்ளே போய் உபுண்டு ஃபோல்டரை மட்டும் ஆர்டி, சாய்கோடு எஸ் கொடுத்து எடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் பக்கம் போகாதீர்கள். பூட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் விட்டுவிடுங்கள். வேறெதுவும் கிடைக்காதபோது மெஷின் கடைசியாகத் தேடுகிற ஃபைல் அதற்குள்தான் இருக்கிறது. முடிந்ததும் மவுண்ட்வால் கமாண்டில் சாய்கோடு டி கொடுத்து எஸ் டிரைவை எடுத்துவிடுங்கள்.

"வரியை மட்டும் அழித்தேன், இரண்டு நாளில் திரும்ப வந்துவிட்டது" என்று சொல்கிறவர்களின் மெஷினில் ஃபோல்டர் மிச்சமிருக்கும். சில மதர்போர்டுகள் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தெரிந்த ஃபோல்டரைப் பார்த்தால் தாங்களாகவே பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். உபுண்டுவும் தன் பங்குக்கு ஒரு சின்ன புரோகிராமை அந்த பூட் ஃபோல்டரில் வைத்திருக்கும். பட்டியலில் தன் பெயர் இல்லை என்றால், உபுண்டு ஃபோல்டரில் இருக்கிற குறிப்பைப் படித்து மறுபடி எழுதுவதுதான் அதன் வேலை. ஃபோல்டர் போய்விட்டால் அதற்குப் படிக்க ஒன்றும் இல்லை.

லினக்ஸை வைத்துக்கொண்டு விண்டோஸை அனுப்பியவர்களுக்கு வேலை குறைவு. கிரப் மெனு என்பது கையால் எழுதுகிற பட்டியல் இல்லை, டிஸ்க்கைத் தேடிப் பார்த்துத் தானாக உருவாகிற ஃபைல். உபுண்டு, டெபியன் என்றால் சுடோ அப்டேட்-கிரப் என்று ஒருமுறை ஓட்டினால் இல்லாததெல்லாம் பட்டியலில் இருந்து போய்விடும். ஓட்டிய பிறகும் விண்டோஸ் பெயர் வந்தால், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் இருக்கிறது என்று பொருள். தேடிப் பார்க்கிற ஓஎஸ்-புரோபர் அந்த ஃபோல்டரை வைத்துத்தான் விண்டோஸ் இருப்பதாக முடிவு செய்கிறது. இந்த மெஷினில் விண்டோஸ் இனி இல்லவே இல்லை என்று உறுதியாக இருந்தால் அந்த ஃபோல்டரையும் எடுத்துவிட்டு மறுபடி அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். 2021-ல் வந்த கிரப் 2.06-ல் இருந்து இந்தத் தேடலையே வழக்கமாக அணைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் நேர்மாறான புகாரும் வரும், உயிரோடு இருக்கிற விண்டோஸ் மெனுவில் காணோம் என்று. மெனுவில் தெரிகிற பழைய கெர்னல்களை ஏப்ட் ஆட்டோரிமூவ் பார்த்துக்கொள்ளும். ஒரு பழைய கெர்னலாவது இருக்கட்டும், புதியது மக்கர் பண்ணினால் அதுதான் உள்ளே போக வழி.

மதர்போர்டு பட்டியலின் வரியை லினக்ஸில் இருந்து எடுக்க இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் இருக்கிறது. சும்மா ஓட்டினால் பட்டியலைக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் பூட் என்ற சொல்லோடு நான்கு இலக்க எண். சின்ன பி போட்டு அந்த எண்ணைக் கொடுத்து, கூடவே பெரிய பி போட்டால் அந்த வரி அழியும். இந்தக் கருவியைத் தவிர வேறு வழியில் அந்த நினைவகத்துக்குள் கை விடாதீர்கள். லினக்ஸில் அந்த நினைவகம் ஒரு ஃபோல்டர் போலவே தெரியும். 2016-ல், டிஸ்க் முழுவதையும் அழிக்கிற ஆர்எம் கமாண்டை ஓட்டியவர்களின் மெஷினில் அந்த ஃபோல்டரும் சேர்ந்து அழிந்து, சில லேப்டாப்கள் பயாஸ் திரையைக்கூடக் காட்டாமல் போன சம்பவம் பெரிய விவாதமானது. அதன்பிறகு கெர்னல் 4.5-ல் அந்த ஃபைல்களைச் சாதாரணமாக அழிக்க முடியாதபடி பூட்டு போட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக எழுகிற கேள்வி காலியான இடத்தைப் பற்றியது. அழித்த பார்ட்டிஷனின் இடத்தை சி டிரைவோடு சேர்க்கப் போனால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கிறது என்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட், சி-க்கு நேர் வலப்பக்கம் ஒட்டியிருக்கிற காலி இடத்தை மட்டும்தான் சேர்க்கும். நடுவில் ஒரு ரிகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் தாண்டாது. அவசரப்பட்டு அந்த ரிகவரி பார்ட்டிஷனை அழிக்காதீர்கள். காலி இடத்தைத் தனியாக ஒரு டிரைவாக ஃபார்மட் செய்து டி என்று பெயர் வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சி-யோடுதான் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், பேக்கப் எடுத்தாயிற்றா என்பதைச் சொல்லிவிட்டுக் கமெண்ட்டில் கேளுங்கள்.